காதுக்குப் பக்கத்தில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் இசைக்கலைஞர்களின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனம் குலைந்த கலைஞனின் உள்ளத்தைக் காட்ட கேமரா எப்படிச் சாய்கிறது, கண்ணாடி எப்படி உடைகிறது, கட் எப்படி வேகமெடுக்கிறது என்றெல்லாம் கட்டுரையாளர் நுணுக்கமாகவே எழுதியிருந்தார். ஆனால் முழுப்பக்கக் கட்டுரையில் 'ஒலி' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. அதுவும் 'ஒளியும் ஒலியும்' என்று சம்பிரதாயத்துக்கு. இசைக்கலைஞனைப் பற்றிய படத்தில்! போதாக்குறைக்கு, கொஞ்சம் பித்து இருந்தால்தான் பெரிய இசை பிறக்கும் என்கிற தொனியில் முடித்திருந்தார். இரண்டும் ஒரே தவறுதான் என்று எனக்குப் படுகிறது. கடிதம் நீண்டுவிட்டால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் வரும் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் சினிமாவில் ஒலிக்கலவை செய்பவள். 26 வருடங்களாக ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து வசனத்தையும் பின்னணி இசையையும் மற்ற சத்தங்களையும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்கிறேன். என் அண்ணன் பாடல் பதிவுகளில் வயலின் வாசித்தவர். எழுதிய தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுவார். ரெண்டாவது டேக் அவரால் போனதில்லை என்று பெயர். 31 வயதில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின.

எங்களுக்கு அது முதலில் தெரிந்தது ஃப்ரிட்ஜால்தான். ஒரு நாள் இரவு எழுந்து போய் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுநாளும் பிடுங்கினார். அம்மா சத்தம் போட்டபோது, 'அது என் ஜி தந்தியோட சண்டை போடுதும்மா' என்றார். வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவர் சொன்னது புரிந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் பெட்டி 100 ஹெர்ட்ஸில் முனகும். அதன் மேல் 200 ஹெர்ட்ஸும் சேர்ந்தே கேட்கும். வயலினின் அடித்தந்தியான ஜி 196. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் நொடிக்கு நான்கு தடவை 'வவ் வவ்' என்று ஒரு துடிப்பு வரும். இதில் நோய் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடப் பௌதிகம். பழகிய காது யாருக்கும் கேட்கும். எனக்கும் கேட்டது. கேட்டுவிட்டு நான் தூங்கப் போய்விடுவேன். அவரால் போக முடியவில்லை. சில வாரங்களில் அந்தத் துடிப்பு சொற்களாக மாறியது. சொற்கள் அவரைப் பற்றியே பேசின.

கலவை என்றால் சேர்ப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் முக்கால்வாசி, இறக்குவது. ஒரு காட்சிக்குக் காலடி, துணி உரசல், கதவு, தெரு, மின்விசிறி, வசனம், வயலின்கள் என்று ட்ராக் ட்ராக்காக வந்து நிற்கும். எல்லாம் திறந்திருந்தால் எதுவுமே கேட்காது. இருவர் அந்தரங்கமாகப் பேசத் தொடங்கினால் தெருவை மெல்ல இறக்கிவிடுவோம். பார்ப்பவருக்குத் தெரு இறங்கியதே தெரியாது. அவர் மூளையும் நாள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது. அண்ணனுக்குக் காது போகவில்லை, இசை போகவில்லை. சத்தத்தை ஏற்றி இறக்கும் அந்த ஃபேடர்தான் கையைவிட்டுப் போயிற்று. கேமராவை எவ்வளவு சாய்த்தாலும் இதைக் காட்ட முடியாது.

காட்டிய படம் என்று நான் சொல்வது பில் போலாட் இயக்கி 2014-இல் வந்த 'லவ் அண்ட் மெர்சி'. பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாப் இசைக்குழுவின் பிரையன் வில்சனுடைய கதை. 1960களின் வில்சனாக பால் டேனோ, 1980களின் வில்சனாக ஜான் க்யூசாக். இருவருக்கும் முகச்சாயலே கிடையாது. இயக்குநர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அதில் ஒரு விருந்துக் காட்சி. மேஜையைச் சுற்றிப் பலர் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். கத்தியும் முட்கரண்டியும் தட்டில் படுகின்றன. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகிப் பேச்சை விழுங்குகிறது. கடைசியில் வில்சனால் அங்கே உட்கார முடியவில்லை. அவ்வளவுதான் காட்சி. ஒரு பேயும் வரவில்லை, ஒரு பிம்பமும் உருகவில்லை. மேஜையில் என்ன இருந்ததோ அதேதான். இறக்க வேண்டியதை இறக்க ஆள் இல்லை.

அட்டிகஸ் ராஸ் அந்தப் படத்துக்குச் செய்த ஒலிக்கோவைகளும் அப்படித்தான். புதிதாக ஒரு 'பைத்திய இசை' எழுதாமல், பீச் பாய்ஸின் பழைய பதிவுகளிலிருந்தே குரல் துணுக்குகளையும் கருவித் துணுக்குகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வில்சனின் தலைக்குள் சுழல்வது அவருடைய சொந்தச் சரக்குதான். ஸ்டூடியோவில் அதே சரக்கு அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறது, தலைக்குள் கேட்பதில்லை.

ஸ்டூடியோ என்று சொன்னதால் இன்னொன்று. 1966-இல் வெளிவந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் பதிவுக் காட்சிகளைக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ பழைய ஆவணப்படத்தைப் பார்ப்பதுபோல் எடுத்திருக்கிறார்கள். பியானோ தந்திகள்மேல் வில்சன் கொண்டையூசிகளை வைக்கிறார். வாசிப்பவர்களை நிறுத்துகிறார், ஒருவரிடம் போய்ப் பாடிக் காட்டுகிறார், மறுபடி எடுக்கிறார். அந்த அறையிலேயே தெளிவான தலை அவருடையதுதான். உங்கள் கட்டுரையாளர் இந்தக் காட்சிகளை 'வெறி' என்று எழுதியிருக்கிறார். நான் இந்த அறைகளிலேயே வாழ்ந்தவள், ஐயா. அது வெறியில்லை, வேலை. ஏழாவது டேக்கில் மூன்றாவது வயலின் கால் இழை முன்னால் வந்துவிட்டது என்று கண்டுபிடிக்கத் தலை குழம்பியிருந்தால் முடியாது. (வில்சனுக்கு வலது காது அநேகமாகக் கேட்டதில்லை. ஸ்டீரியோ உலகத்தில் அவர் மோனோவில் கலவை செய்த மனிதர். இதை நினைத்தாலே எனக்கு ஒரு கர்வம், காரணம் தெரியாது.)

இந்தப் படத்தை அண்ணனோடு சேர்ந்து பார்த்தேன். பார்க்கலாமா என்று நான் தயங்கினேன்; அவர்தான் போடச் சொன்னார். விருந்துக் காட்சி முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். 'நல்லாத்தான் பண்ணியிருக்கான். ஆனா நிஜத்துல அவ்வளவு சத்தமா வராதும்மா. பக்கத்துல வரும்.'

26 வருட அனுபவத்தில் எனக்கு யாரும் இவ்வளவு உபயோகமான ஒரு வரி சொன்னதில்லை. அறையின் மறுகோடியில் ஒருவர் பேசினால், அவர் குரலோடு சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்துதான் நம்மை வந்தடைகிறது. அந்தக் கலப்பை வைத்துத்தான் தூரத்தை அளக்கிறோம். எதிரொலி குறையக் குறைய ஆள் நெருங்கி வருகிறார். எதிரொலியே இல்லை, உதடு பிரியும் ஈர ஓசைகூடக் கேட்கிறது என்றால் அவர் நம் காதுமடலில் வாய் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். லெவலைத் தொடவே வேண்டாம். ஆனால் சினிமாவில் யாருக்காவது குரல் கேட்கிறது என்று காட்சி வந்தால் நாங்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? ரீவெர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, அள்ளிக் கொட்டுவோம். கிணற்றுக்குள்ளிருந்து நாலு பேர் கூப்பிடுவதுபோல. நானும் எத்தனையோ படத்தில் கொட்டியிருக்கிறேன். அண்ணன் சொன்ன பிறகு ஒரு படத்தில், எதிரொலி துளியும் இல்லாத ஒரு கிசுகிசுப்பைப் பின்பக்க ஸ்பீக்கரில் மிகத் தாழ்வாக வைத்துப் பார்த்தேன். 'பயமாவே இல்லையே மேடம்' என்றார் இயக்குநர். இன்னொரு முறை ஓட்டினேன். இந்தத் தடவை அவர் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற படங்களைப் பார்த்தால் கட்டுரையாளர் சொன்ன வரிசை தலைகீழாகிவிடுகிறது. அவர் உச்சத்தில் வைத்த 'தி சோலோயிஸ்ட்' (2009) படத்தில், மனநோயோடு தெருவில் வாழும் இசைக்கலைஞர் நதானியேல் அயர்ஸ் பீத்தோவனைக் கேட்கும்போது திரை முழுக்க வண்ணவண்ண ஒளி நெளிகிறது. எனக்கு அது, வேலை இல்லாத கம்ப்யூட்டர் திரையில் தானாக ஓடுமே, அந்த அலங்காரத்தைத்தான் நினைவூட்டியது. அந்த மனிதர் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்தவர். அவருக்குக் கேட்டது செல்லோக்களும் கொம்பு வாத்தியங்களும் உள்ளே நுழைகிற இடங்களுமாக இருந்திருக்குமே தவிர, ஊதா நிறமாக ஏன் இருக்க வேண்டும்? நமக்கு இசை புரியாதபோதுதான் நிறத்தைக் காட்டுகிறோம்.

'ஷைன்' (1996) விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். டேவிட் ஹெல்ஃப்காட் என்ற பியானோ கலைஞரின் கதை. முதிர்ந்த ஹெல்ஃப்காட்டாக நடித்த ஜெஃப்ரி ரஷ்ஷுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் எல்லோரும் பேசும் அந்த மேடைக் காட்சியில் வருவது இளம்வயது ஹெல்ஃப்காட்டான நோவா டெய்லர். பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக ராக்மானினாஃப் எழுதிய மூன்றாவது கான்செர்ட்டோ, கஷ்டத்துக்குப் பேர்போனது. வாசித்துக்கொண்டே போகிறார், ஓர் இடத்தில் இசை வற்றிப்போய், விரல்கள் கட்டைகளில் விழும் மொத்தென்ற ஓசை மட்டும் மிஞ்சுகிறது. ஒலிக்காரியாக எழுந்து நின்று கும்பிடுவேன். பியானோவிலிருந்து இசையை எடுத்துவிட்டால் அது மரமும் கம்பளியும் இரும்பும்தான் என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. ஆனால் கதை அந்தக் காட்சியை வைத்துச் சொல்ல வருவது வேறு: பையனால் தாங்க முடியாத மலையைத் தூக்கச் சொன்னார்கள், மலை அவனை நசுக்கிவிட்டது. கொடுமைக்கார அப்பா அஸ்திவாரம் போட்டார், ராக்மானினாஃப் கூரையைச் சாய்த்தார் என்பதுபோல. அப்பாவைக் காட்டிய விதம் பொய் என்று ஹெல்ஃப்காட்டின் அக்கா மார்கரெட் ஒரு புத்தகமே எழுதினார். அக்கா சொல்வது சரியா, படம் சொல்வது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போனதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, 'ராத்திரி பகலா வாசிச்சானா?' அம்மா அதற்குப் பிறகு பல வருடம், இவனை வயலினில் சேர்த்தது என் தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதற்கு நேர் எதிர் 'அமதேயஸ்' (1984). மோட்சார்ட் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்து 'ரெக்வியம்' என்ற இரங்கல் இசையைச் சொல்லச் சொல்ல, இன்னொரு இசையமைப்பாளரான சாலியேரி எழுதுகிறார். ஒரு குரல்வரிசை கேட்கிறது, அதன்மேல் இன்னொன்று, பிறகு கருவிகள், எல்லாம் சேர்ந்து திடீரென்று முழுசாக எழும்புகிறது. வரலாற்றில் சாலியேரி அந்தக் கட்டிலருகே இருக்கவில்லை. படமும் வரலாறு என்று சாதிக்கவில்லை. ஆனால் உடம்பு உலைந்துபோன நேரத்திலும் உள்ளே ட்ராக்குகள் வரிசை பிசகாமல் அடுக்கியிருப்பதைக் காதால் காட்டிய காட்சி அது. பதிவுக்கூடத்தில் ஃபேடர்களை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் பற்றி 1993-இல் வந்த படமும் ஃபேடர் கைவசம் இருப்பவரின் கதைதான். பிரான்சுவா ஜிரார் அதை 32 துண்டுப் படங்களாகப் பிரித்தார். கூல்டின் பெயரோடு ஒட்டிப்போன, பாக் எழுதிய 'கோல்ட்பர்க்' மாறுபாடுகளிலும் 32 பகுதிகள். ஒரு துண்டில் கூல்ட் சாலையோர உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மேஜைப் பேச்சு, பிறகு இன்னொரு மேஜைப் பேச்சு என்று குரல்கள் நுழைந்து, பின்னி, விலகுகின்றன. 1967-இல் வானொலிக்காக அவர் செய்த நிகழ்ச்சியில் மனிதக் குரல்களை இப்படித்தான் பாக் மாதிரி ஒன்றோடொன்று ஓடவிட்டிருந்தார். வில்சனின் விருந்து மேஜையையும் கூல்டின் உணவகத்தையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் தட்டு, இரண்டிலும் பேச்சு. கூல்ட் நினைத்தால் எழுந்து போகலாம்.

'பேர்ட்' (1988) பற்றி ஒரு தொழில் வம்பு. ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் படம், க்ளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கியது, ஒலிக்காக ஆஸ்கர் வாங்கியது. பார்க்கரின் பழைய பதிவுகளிலிருந்து அவருடைய சாக்ஸஃபோனை மட்டும் பிரித்தெடுத்து, கூட வாசித்தவர்களை நீக்கிவிட்டு, புதியவர்களை வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் அதைச் செய்த கைகளுக்கு வணக்கம். ஆனால் ஜாஸ் என்பது பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லும் பதில். பதில் அப்படியே இருக்க, கேள்வி கேட்டவனை மாற்றிவிட்டார்கள். படம் நெடுக பார்க்கர் அவ்வளவு தனியாகத் தெரிவதற்கு இருட்டான ஒளியமைப்பு மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம். 34 வயதில் அவர் இறந்தபோது பரிசோதித்தவர் வயதை ஐம்பதுக்கு மேல் மதித்தார் என்பதைப் படத்திலும் சொல்கிறார்கள்.

கஸ் வான் சான்ட்டின் 'லாஸ்ட் டேஸ்' (2005) 'நிர்வாணா' ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபைனின் கடைசி நாட்களை மனதில் வைத்து எடுத்தது. நாயகன் பெயர் ப்ளேக் என்று மாற்றியிருக்கும். அதில் ஒரே ஒரு ஷாட். ப்ளேக் வீட்டுக்குள் கருவி மாற்றிக் கருவி எடுத்து ஓர் ஓசையின்மேல் இன்னொன்றை ஏற்றிக்கொண்டே போகிறான். கேமரா வெளியே தோட்டத்தில், ஜன்னலை விட்டு மெல்லப் பின்வாங்குகிறது. அவன் தலைக்குள் போக முயலவே இல்லை. எத்தனை இரவு நான் அண்ணனின் அறைக்கு வெளியே அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்! கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். நன்றாக வாசிக்கிறாரா, முடியாமல் வாசிக்கிறாரா என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே இயக்குநர் அவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி மாத்திரை. இந்தப் படங்களில் மாத்திரை வந்தால் பின்னணி இசை நின்றுவிடும், நிறம் வெளுத்துவிடும், கலைஞன் ஜடமாகிவிடுவான். வில்சன் கதையில் அதற்கு நியாயம் உண்டு. யூஜின் லேண்டி என்ற மனநல நிபுணர் தவறான நோய்ப்பெயர் சொல்லி மருந்தைத் திணித்ததும், பிறகு கலிஃபோர்னியாவில் தொழில் உரிமத்தை இழந்ததும் உண்மை. ஆனால் பிடியிலிருந்து விடுபட்டு, சரியான சிகிச்சைக்கு வந்த பிறகுதான் வில்சன் பாதியில் விட்ட 'ஸ்மைல்' ஆல்பத்தை 2004-இல் முடித்தார் என்பதை யாரும் காட்சியாக எடுப்பதில்லை. எடுக்க என்ன இருக்கிறது, ஒரு மனிதர் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

ஒரு படம், பெயர் வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு வந்த வாரம் அண்ணன் மருந்தை நிறுத்தினார். 'போட்டா வாசிக்க வராதுன்னு காட்டறாங்க பாரு' என்றார். படத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு நிஜமாகவே வயலின் வில்லைப் பிடித்த கை நடுங்கியது, அது மருந்தால்தான். ஆனால் நிறுத்திய பதினோரு வாரத்தில் வயலின் பெட்டியைத் திறந்தது ஒரே தடவை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாசிக்கவில்லை. பிறகு டாக்டரிடம் போய், நடுக்கத்தைச் சொல்லி, மருந்தை மாற்றி, அளவைக் குறைத்து, ஒரு வருடம் பிடித்தது. நடுக்கம் முழுக்கப் போகவில்லை. நீண்ட வில்லிழுப்பில் இப்போதும் தெரியும். பதிவுகளுக்குப் போவதில்லை, மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். குரல்கள் சில நாள் வருகின்றன. 'பக்கத்து ரூமுக்குப் போயிடுச்சு' என்பார். ரீவெர்ப் கூடியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணனிடம் கொடுத்தேன். அவரைப் பற்றியது, அவர் பார்க்காமல் போகக் கூடாது. இரண்டு வரிகளை அடித்தார். அவை இதில் இல்லை. ஃப்ரிட்ஜ் பத்தியைப் பென்சிலால் வட்டமிட்டு, 'நாலு இல்லை, நாலரை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். 200-இல் 196 போனால் நாலுதானே என்றேன். 'உன்னுது கீபோர்டு கணக்கு. நாங்க ஏ-லேர்ந்து டி, டி-லேர்ந்து ஜி-ன்னு சுத்தமா இறக்குவோம். ஜி 196-ஐத் தொடாது, 195 புள்ளி ஆறுல நிக்கும்' என்றார். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஏ தந்தியின் 440-ஐ மூன்றில் இரண்டாக்கி, அதை மறுபடி மூன்றில் இரண்டாக்கினால் 195.56. துடிப்பு நாலரைதான். மேலே நான் எழுதிய எண்ணைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், அவர் திருத்தியது தெரியட்டும் என்று.

அண்ணனை உத்தேசித்து என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஒலிக்கலவைக்காரி